ரிங்லெட் மேட்டில் குதிகால் வலியும் மராத்தான் பயிற்சியும்: ஓர் உருவலியல் நோக்கு

மராத்தான் என்பது 42.195 கிலோமீட்டர் என்மனார் புலவர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய இந்தத் தூரம் 1921இல்தான் சட்டமானது. அதுவரை ஊருக்கொரு தூரம். குதிகால் நொந்தவன் அந்தக் காலத்தில் பிறந்திருக்க வேண்டும் என்பாரும் உளர்.

களம், பஹாங் மாநிலத்து ரிங்லெட். கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கும் மேலே, 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தின் அண்டையில் இருப்பது. இங்கே சமதரை உண்டா என்பது தீராத வழக்கு. உண்டு என்பார் காய்கறி லாரி ஓட்டுநர், அவர் ஓடுவதில்லை. மேடேறினால் கெண்டைக்காலும் பாதத்தின் அடிநாரும் இழுபடும். இறங்கினாலோ தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்க வேண்டியிருப்பதால் முட்டி முனகும். ஆக, ஒரே காலைப்பொழுதில் இரண்டு வலியையும் ஒப்பாய்வு செய்யும் வசதி உலகில் சில ஊர்களுக்கே வாய்க்கும். நான் மராத்தான் ஓடப்போவதோ பினாங்குப் பாலத்தில். வெக்கைக்கு அஞ்சி அங்கே நள்ளிரவுக்குப் பின் ஓடவிடுகிறார்கள். அதற்கு நான் பனியில், சுவெட்டர் போட்டுக்கொண்டு பயிற்சி எடுப்பதன் பொருத்தம் தனி ஆய்வுக்குரியது.

இனி வலியின் வகைகள்.

முட்டி வலி: உண்டு.

இடுப்பு வலி: வரும்.

கூடை சுமந்து சரிவேறிய பெண்களின் கால்வலி: இலக்கியத்தில் பதிவு சொற்பம். அவர்கள் மராத்தான் ஓடாததே காரணம் எனக் கருத இடமுண்டு.

குதிகால் வலி: காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முதல் அடியில் உயிர் போகும். நாலு எட்டு வைத்ததும் தணியும். இன்றைக்கு ஓடலாம் என்று நம்பவைக்கும். ஓடிவிட்டு வந்து உட்கார்ந்து எழுந்தால் வட்டியோடு வசூலிக்கும்.

இதற்கு மேலைநாட்டார் கூறும் உரை வருமாறு. 1978இல் கேப் மிர்கின் என்னும் மருத்துவர் ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டு, தூக்கி வை என நான்கின் ஆங்கில முதலெழுத்துகளையும் சேர்த்து 'ரைஸ்' என்றார். பல ஆண்டு கழித்து, ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று அவரே சொன்னார். அதன் இடத்துக்கு 2012இல் 'போலீஸ்' வந்தது. 2019இல் 'பீஸ் அண்ட் லவ்'. காயம் நின்ற இடத்தில் நிற்க, எழுத்துகள் மட்டும் கூடிக்கொண்டே போகின்றன. பேராசிரியர்களுக்கும் பதவி உயர்வு வேண்டாமா?

உள்ளூர் மரபு இதனினும் ஆழமானது. தைலம் கோடாலித் தைலம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எந்தத் திசையில் உருவுவது என்பதில்தான் மரபு இரண்டாகப் பிளந்தது. குதிகாலிலிருந்து மேலே, கெண்டைக்கால் நோக்கி உருவ வேண்டும். "அப்பதான்டா ரத்தம் ஓடும்" (பெரியம்மா, வாய்மொழி). இவர் வழி வந்தோர் மேலுருவியர். தவறு, கீழ்நோக்கியே உருவ வேண்டும், "நோவு இறங்கி மண்ணுக்குப் போவணும், மேல ஏத்தி மண்டையிலயா வைக்கப்போறே?" (சின்னம்மா, வேலிக்கு அப்பாலிருந்து). இவர்கள் கீழுருவியர். மண்டை வரை ஏறாது, முட்டியோடு நின்றுவிடும் என்று மூலநூல் திருத்தப்பட்டது (பெரியம்மா, இரண்டாம் பதிப்பு, வெற்றிலையைத் துப்பிய பின்). இத்திருத்தம் பிற்கால இடைச்செருகல் என நிறுவப்பட்டது (சின்னம்மா, 'மேற்படி பதிப்புக்கு மறுப்பு', துணி காயப்போட்டபடி நிகழ்த்திய பேருரை, மழை வந்ததால் முற்றுப்பெறாதது). காஞ்சிபுரத்து யானைக்கு எந்த நாமம் என்ற வழக்குக்கு நிகரான இதில், யானையின் இடத்தில் என் கால்.

மூன்றாவது மரபும் ஒன்றுண்டு. ஓடும் தூரத்தைக் குறை, கெண்டைக்காலை நீட்டி இழு, படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கு என்பது. மருத்துவர்கள் பெரும்பாலும் இதையே சொல்கிறார்கள். வேலிச் சண்டைக்கு இடம் தராததால் இங்கு விரிவாக ஆராயப்படவில்லை.

முடிவு காணச் சோதனை ஒன்று நடத்தப்பட்டது. வலக்காலில் மேலுருவல், இடக்காலில் கீழுருவல். வலக்கால் வலி இம்மியும் குறையவில்லை. இடக்காலில் வலி அறவே இல்லை. இடக்காலில் முன்பும் வலி இருந்ததில்லை என்ற குறிப்பு, ஆய்விதழ்களின் வழக்கப்படி, சிறிய எழுத்தில் தரப்படுகிறது. கீழுருவியர் முழு வெற்றி என்று அறிவித்து வேலி நெடுகச் செய்தி பரப்பினர். பெரியம்மா மறுப்புரை எதுவும் வெளியிடவில்லை. தைலப் புட்டியை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.