தண்ணீரை அனுப்பிவைக்கும் கலை

அமெரிக்கப் பூங்காக்களில் நடப்பவர்களும் மலை சைக்கிள் ஓட்டுபவர்களும் போய்வரும் காட்டுத்தடங்கள் பலவற்றைப் பராமரிப்பவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். வாரமெல்லாம் கணினி முன் உட்கார்ந்து சேர்த்த முதுகுவலியைச் சனிக்கிழமை குனிந்து நிமிர்ந்து முழுமையாக்கிக்கொள்வது இவர்கள் வழக்கம். கூலி, கிடைத்தால், ஒரு துண்டு பீட்சா.

தடத்துக்கு முதல் எதிரி சக்கரமும் அல்ல, செருப்பும் அல்ல, தண்ணீர். சரிவில் நேராக இறங்கும் பாதை இரண்டு மழையில் வாய்க்காலாகிவிடும். ஆகவே தடத்தைச் சரிவுக்குக் குறுக்காக வெட்டுகிறார்கள். தடத்தின் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது விதி. சராசரி ஏற்றம் 10 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது. நடைபரப்பு பள்ளத்துப் பக்கம் சுமார் 5 சதவீதம் சாய்ந்திருக்கும். தண்ணீர் வழிந்து வெளியேற, ஏறிக்கொண்டிருக்கும் பாதையில் ஆங்காங்கே ஒரு சிறு இறக்கமும் வைப்பார்கள். வேண்டாத விருந்தாளியை உட்காரச் சொல்லாமல் வாசலோடு அனுப்பிவிடுகிற சாமர்த்தியம் இது.

கருவிகளில் பெயர்பெற்றது புலாஸ்கி: ஒருபுறம் கோடாலி, மறுபுறம் மண்கொத்தி. 1910ஆம் ஆண்டுப் பெருந்தீயில் தன் ஆட்களைச் சுரங்கத்துக்குள் ஓட்டிச்சென்று பெரும்பாலோரைக் காப்பாற்றிய வனக்காவலர் எட் புலாஸ்கியின் பெயர் அதற்கு. மெக்லியோட் என்பதில் ஒருபுறம் வாரும் பற்கள், மறுபுறம் வெட்டும் தகடு. இரண்டுமே இருமுகக் கருவிகள் என்பதால், ‘அந்தச் சாமானை எடுத்துவரவில்லை’ என்று சாக்குச் சொல்ல வழியில்லை. புதியவர் கை புலாஸ்கியைத்தான் தேடும். புகைப்படத்தில் எடுப்பாக இருக்கும். அனுபவசாலி சத்தமில்லாமல் கிளை நறுக்கும் கத்தரியை எடுத்துக்கொள்வார்.

1964ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டத்துக்கு உட்பட்ட காடுகளில் மோட்டார் ரம்பத்துக்குப் பொதுவாக இடமில்லை. விழுந்த மரத்தை இருவர் சேர்ந்து இழுக்கும் கைரம்பத்தால் அறுக்கிறார்கள். ஒருவர் இழுக்கையில் மற்றவர் தள்ளினால் ரம்பம் வளையும், உறவும் வளையும். சைக்கிளுக்கும் அங்கே அனுமதி கிடையாது.

சைக்கிள்காரர்கள் மண்வெட்டி பிடித்த கதை கலிபோர்னியாவின் மரின் கவுன்ட்டியோடு தொடர்புடையது. 1976 முதல் அங்கே சிலர் பழைய கனத்த சைக்கிள்களில் மலைச்சாலையில் கீழ்நோக்கிப் பந்தயம் விட்டார்கள். ஒரே இறக்கத்தில் பின்சக்கரப் பிரேக்கின் கிரீஸ் புகையாய்ப் போனது. கூட்டம் பெருகியதும் நடப்பவர்கள் முறையிட, ஒடுங்கிய தடங்கள் பலவற்றில் தடை வந்தது. 1988இல் கலிபோர்னியாவின் சைக்கிள் கிளப்புகள் சில சேர்ந்து சர்வதேச மலை சைக்கிள் சங்கத்தை உருவாக்கின. நன்னடத்தைக்குச் சான்றாகத் தடப்பணியில் இறங்குவது அதன் வழிகளில் ஒன்று. இப்படித்தான் பகையாளிகள் இருவர் ஒரே கட்டையின் இரு முனையைத் தூக்க நேர்ந்தது. தடத்தைக் கெடுத்தது சக்கரம் என்பார் ஒருவர், காலணி என்பார் மற்றவர். குதிரைதான் என்பதில் இருவரும் ஒத்துப்போவார்கள், சரளைக்கல் மூட்டைகளைச் சுமந்துகொண்டு குதிரைக்காரரின் கோவேறு கழுதை வந்து நிற்கும்வரை.

தண்ணீரை வென்றபின் மிஞ்சுவது மனிதன். சேற்றுக்குட்டையைக் கண்டால் ஷூவுக்கு அஞ்சி ஓரமாக ஒதுங்குவான். இரண்டடித் தடம் ஆறடியாகும். சேற்றில் இறங்கியே போங்கள் என்று தொண்டர்கள் கெஞ்சுகிறார்கள். கொண்டை ஊசி வளைவில் குறுக்கே பாய்பவர்களைத் தடுக்கக் கிளைகளையும் கற்களையும் குவித்து வைக்கிறார்கள். நடப்பவர்களில் சிலர் அதைப் படிக்கட்டாகவும், ஓட்டுபவர்களில் சிலர் எகிறிக் குதிக்கப் போட்டுவைத்த மேடாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை இன்னும் பெரிய கட்டையாகப் பார்த்து உருட்டிவரப்படும்.