துரை பங்களா ஏன் மேட்டில்?

கேள்வி: எங்கள் ஊவாத் தோட்டங்களில் துரை பங்களா மேட்டில் இருப்பது நல்ல காற்றுக்காகவா? (வாசகர், ஹாலிஎல)

பதில்: லயத்தில் இருப்பவர்களுக்குக் காற்று வேண்டாமா என்ன! மேடு பார்ப்பதற்கு; அதைவிட, பார்க்கப்படுவதற்கு. பெரட்டுக்களத்தில் நிற்பவர் அண்ணாந்தால் பங்களா தெரிய வேண்டும்.

நார்மன் மன்னன் வில்லியம் 1068இல் இங்கிலாந்தின் லிங்கன் நகர மேட்டில் கோட்டை எழுப்பியதும் இதற்குத்தான். அதற்காக அழிந்தவை 166 வீடுகள். இங்கே அழிந்தது காடு. மதிலுக்கு வேலையே இல்லை, சரிவே மதிலாயிற்று.

ஹப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிஷாம் பங்களாவுக்குக் கென்ட்டிலுள்ள லீட்ஸ் கோட்டையே மாதிரி என்பார்கள். இன்று அது துறவியர் மடம். லயங்களில் பலவோ இன்றும் 10க்கு 12 அடி அறைகள்தான். அங்குள்ளவர்களுக்கு உறுதியுடன் சொந்தக் காணி கிடைக்கவேண்டும். அது மேட்டிலும் இருக்கலாம்.