மூணு கிராம் எண்ணெய்

அந்தப் புத்தகத்தை மூடு தம்பி. முதல் பக்கம், முதல் வார்த்தையே 'அபாண்டன்'. கைவிடுன்னு அர்த்தம். உங்க சீனாவுல இங்கிலீஷ் வார்த்தைப் புத்தகம் எதைத் திறந்தாலும் அகர வரிசையில அதுதான் முன்னாடி வந்து நிக்குமாமே? பரீட்சைக்குப் படிக்கிற பையன் புத்தகத்தைத் திறக்கறான், 'கைவிடு'ன்னு புத்தகமே சொல்லுது, படிச்ச புத்தகம் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அன்னிக்கே கைவிட்டுடறான். நீதான் இதைச் சொல்லிச் சிரிச்ச. சிரிச்ச நீயும் இன்னும் முதல் பக்கத்தைத் தாண்டல.

காலேஜுக்குப் போக நீங்க எழுதற பெரிய பரீட்சையில 750 மார்க்குல 150 இங்கிலீஷுக்கே போயிடுதாம். அத்தனையும் எழுதித் தேறிட்டு வந்து, செய்யாறு சிப்காட்ல ஷூ கம்பெனிப் பொண்ணுங்ககிட்ட பசை டப்பாவைக் கேக்கத் தெரியாம கையால அபிநயம் பிடிக்கற. மாடி ரூமை வாடகைக்கு விட்ட பாவத்துக்கு நாலு புத்தி நானாவது சொல்லணும் இல்ல? நான் பட்டாளத்துல இருந்தவன். பட்டாளத்து இங்கிலீஷ் பெரிய இங்கிலீஷ் கிடையாது. ஆனா திட்டு வாங்கிக் கத்துக்கிட்டது, மறக்காது.

முதல்ல அந்த நோட்டு. ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தைக்கு மேலயும் சத்தத்துக்காகச் சீன எழுத்தை எழுதி வெச்சிருக்கியே, அதைச் சொல்றேன். உங்க எழுத்து சும்மா சத்தத்தை மட்டும் சொல்லிட்டுப் போகாது, கூடவே ஒரு அர்த்தத்தையும் இழுத்துக்கிட்டு வரும். 'தேங்க்யூ'வுக்கு நீ எழுதி வெச்சது 'ஸான் கெ யோவ்'. படிச்சா மூணு கிராம் எண்ணெய். பாட்டி உனக்குத் தினமும் வெந்நீர் வெச்சுக் கொடுக்கறா, நீ பதிலுக்கு மூணு கிராம் எண்ணெய் கொடுக்கற. அதுல ஒரு அப்பளம் பொரியுமா?

அதையாவது மன்னிக்கலாம். 'பஸ்'ஸுக்கு மேல என்ன எழுதியிருக்க? 'பா ஸ்'. அப்பா செத்தார். 'எஸ்'ஸுக்கு தாத்தா செத்தார். 'நைஸ்'னு சொன்னா பாட்டி போயாச்சு. 'மிஸ்'ல தங்கச்சி, 'கேர்ள்ஸ்'ல அண்ணன். கடைசியில 'ஸ்கூல்' வருது, வீட்ல ஒருத்தர் மிச்சமில்லாம எல்லாரும் காலி. உங்க பசங்க பரம்பரை பரம்பரையா இந்த விளையாட்டை விளையாடறாங்கன்னு சொன்ன. எங்க ஊர்ல ஸ்கூலுக்கு முன்னாடி ஒரு 'இ'யைப் போட்டு 'இஸ்கூல்'னு சொல்லித்தான் வளர்ந்தோம். வாத்தியார் பிரம்பெடுத்தார், சரி, ஆனா யாரும் சாகல. உனக்கு ஒண்ணு மட்டும் சொல்லி வைக்கறேன். வாடகைக்காக நான் மாடி ஏறி வர்றப்போ 'எஸ்'னு சொல்லாத. நானும் தாத்தாதான். 'ஓகே' போதும்.

நோட்டைக் கிழிச்சுப் போடுன்னு சொல்லமாட்டேன். இந்த வேலையை உனக்கு முன்னாடியே பெரிய பெரிய ஆளுங்க பண்ணியிருக்காங்க. 1757லேர்ந்து 1842 வரைக்கும் வெள்ளைக்காரன் உங்க நாட்டுல கப்பல் வியாபாரம் பண்ணணும்னா கான்டன் துறைமுகம் ஒண்ணுதான். அங்க கடைக்காரங்க 'செம்மயிர்க்காரன் பேச்சு'ன்னு சின்னப் புத்தகம் வாங்கி வெச்சிருப்பாங்க. இங்கிலீஷ் வார்த்தைக்குச் சீன எழுத்துல சத்தம், உன் நோட்டு மாதிரியேதான். அதை வெச்சுக்கிட்டுப் பட்டு வித்தாங்க, தேயிலை வித்தாங்க. 'பிஸினஸ்' அவங்க வாய்க்குள்ள போய் 'பிட்ஜின்'னு வெளிய வந்தது. அரைகுறையாக் கலந்து பேசற எந்த மொழிக்கும் இன்னிக்கு உலகம் பூரா பண்டிதருங்க அந்தப் பேரைத்தான் வெச்சிருக்காங்க. 1862ல தாங் திங்ஷூன்னு ஒருத்தர் இதையே ஆறு பாகமா ஒழுங்குபண்ணி அச்சுல கொண்டுவந்தார். அவர் பின்னாடி கப்பல் கம்பெனியும் நிலக்கரிச் சுரங்கமும் நடத்தினார். நீ இன்னும் பசை டப்பாவுலயே நிக்கற.

சரி, நேத்து ராத்திரி என்ன கேட்ட? 'ஓப்பன் த லைட்'டா? பாட்டி பயந்துட்டா, இந்தப் பையன் எதுக்கு பல்பைக் கழட்டிப் பிரிக்கச் சொல்றான்னு. எனக்கு அப்பவே புரிஞ்சுது. உங்ககிட்ட 'காய்'னு ஒரு வார்த்தை இருக்கு. கதவைத் திறந்தாலும் காய், விளக்கைப் போட்டாலும் காய், கார் ஓட்டினாலும் காய், மீட்டிங் நடத்தினாலும் காய், பூ பூத்தாக்கூட காய். கேட்டா நாங்க ஆச்சரியப்படுவோம்னு நினைக்காத. நாங்க லைட்டைப் போடுவோம், டீ போடுவோம், சட்டை போடுவோம், கோலம் போடுவோம், கையெழுத்துப் போடுவோம், ஊசி போடுவோம், நேரம் மிச்சமிருந்தா சண்டையும் போடுவோம். இங்கிலீஷ்காரன் ஒவ்வொண்ணுக்கும் ஒரு வார்த்தை வெச்சிருக்கான். லைட்டுக்கு 'டர்ன் ஆன்', அதாவது திருப்பு. சுவிட்சுல திருப்ப என்ன இருக்கு? குழாயைத் திருகி, கேஸ் விளக்கைத் திருகின காலத்துப் பேச்சு, இன்னும் விடாமத் திருப்பிக்கிட்டு இருக்கான்.

மருந்து விஷயத்துல நீயும் நானும் ஒரே கட்சி. நீங்க மருந்து தின்பீங்க, நாங்க மருந்து சாப்பிடுவோம். அவன் 'டேக்', எடுப்பான். எடுத்து எங்க வைப்பான்னு கேக்காத. சூப்பை நீயும் நானும் குடிக்கறோம், அவன் அதைத் தின்கறான். இதுல யாருக்கு வைத்தியம் தேவைன்னு நான் சொல்லணுமா?

கடன் விஷயம் அப்படி இல்ல, காசு சம்பந்தப்பட்டது. போன மாசம் வந்து நின்னு, 'அங்கிள், கேன் ஐ லெண்ட் யூ ஃபைவ் ஹண்ட்ரட்'னு கேட்ட. நான் கையை நீட்டினேன். நீ என் கையையே பார்த்துக்கிட்டு நின்ன, நான் உன் சட்டைப் பையைப் பார்த்துக்கிட்டு நின்னேன். உங்க மொழியில கடன் கொடுத்தாலும் 'ஜியே', வாங்கினாலும் 'ஜியே'. பாஷைக்குப் பெருந்தன்மை இருக்கலாம், பர்சுக்கு இருக்கக் கூடாது. 'பாரோ' வாங்கறது, 'லெண்ட்' கொடுக்கறது. மத்த வார்த்தையெல்லாம் மெதுவாப் படி, இந்த ரெண்டை இன்னிக்கே படி. அந்த அஞ்ஞூறை நான் வாங்காம விட்டது உன் அதிர்ஷ்டம்.

அடுத்து அந்த 'அங்கிள்'. என்னை அங்கிள்னு கூப்பிடறப்பல்லாம் எனக்கு உடம்பு எரியுது. அப்பாவோட அண்ணன் உங்களுக்கு 'போபோ', தம்பி 'ஷூஷூ', அம்மாவோட தம்பி அண்ணன் எல்லாம் 'ஜியூஜியூ', அப்பாவோட அக்கா தங்கச்சி 'கூகூ'. எங்களுக்குப் பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை. கணக்கு அப்படியே பொருந்துது பார்த்தியா? வெள்ளைக்காரன் ஆம்பளைங்க அத்தனை பேரையும் 'அங்கிள்'ங்கற ஒரே சாக்குல போட்டு வாயைக் கட்டிட்டான். அந்தச் சாக்கை எங்க ஊர்ல அவிழ்த்தா கலவரம் ஆயிடும். மாமா பொண்ணைக் கேக்கலாம், சித்தப்பா பொண்ணு தங்கச்சி. ரெண்டும் 'கசின்'னா எந்தக் கசினுக்குப் பூ வைக்கறது? உங்ககிட்டயும் 'தாங்', 'பியாவ்'னு பங்காளி வீட்டுப் பிள்ளையையும் மாமன் அத்தை வீட்டுப் பிள்ளையையும் பிரிச்சுத்தான் வெச்சிருக்காங்க. ஒரு காலத்துல பியாவ் பக்கம் சம்பந்தம் பண்ணினீங்க. 1980ல வந்த கல்யாணச் சட்டம் ரெண்டு பக்கத்தையும் அடைச்சிடுச்சு. சட்டம் வந்தும் வார்த்தை போகல. நல்லதுதான். பொங்கலுக்கு வந்த ஜனத்தை எண்ணவாவது உதவும்.

கறியிலயும் இதே கூத்து. நீங்க மாட்டுக்கறி, பன்னிக்கறி, ஆட்டுக்கறின்னு மிருகத்துப் பேரைச் சொல்லிக் கறியைச் சேர்ப்பீங்க. எங்களுக்கும் அப்படித்தான், கசாப்புக் கடையில குழப்பம் வராது. இங்கிலீஷ்ல தொழுவத்துல நிக்கறது 'கவ்', தட்டுக்கு வந்தா 'பீஃப்'. 1066ல பிரெஞ்சு பேசற நார்மன்காரன் வந்து உக்காந்தான். மேய்ச்சவன் பேச்சுல மாடு நின்னுடுச்சு, தின்னவன் பேச்சுல கறி தங்கிடுச்சு. யார் மேய்ச்சா யார் தின்னான்னு ஒரு நாட்டு சரித்திரமே மெனு கார்டுல இருக்கு.

கம்பெனியில உனக்கு வர்ற தலைவலி வேற. ஷூ ரெண்டு சேர்ந்தா 'பேர்'. சரி. அப்புறம் ஆரணிக் கடையில ஒரு பேன்ட் வாங்கிட்டு, பில்லுல 'ஒன் பேர்'னு இருக்கு, இன்னொண்ணு எங்கன்னு கடைக்காரன்கிட்ட மல்லுக்கு நின்ன. இரண்டு கால் இருக்கறதால அதுவும் ஜோடியாம். அப்போ சட்டைக்கு ரெண்டு கை இருக்கேன்னு நீ கேட்டது நியாயமான கேள்வி, அதுக்கு லண்டன்லயும் பதில் கிடையாது. நீங்க பேன்ட்டை 'தியாவ்'னு எண்ணுவீங்க. நீளமா இருக்கறது எல்லாம் தியாவ். ஆறு ஒரு தியாவ், மீன் ஒரு தியாவ், ரோடு ஒரு தியாவ், பேன்ட்டும் ஒரு தியாவ். கொடியில காயற பேன்ட்டைப் பார்த்தா நீங்க சொல்றதுதான் சரின்னு படுது.

எண்ணிக்கையில மட்டும் ஜாக்கிரதை. உங்களுக்குப் பத்தாயிரம் ஒரு 'வான்', அங்கேர்ந்து நேரா பத்துக் கோடிக்கு 'யீ'. எங்களுக்கு லட்சம், கோடி. வெள்ளைக்காரன் ஆயிரத்தை விட்டா மில்லியன். அன்னிக்கு மேனேஜர் இங்கிலீஷ்ல சொன்ன ஆர்டரை நீ வான்ல மாத்தி, சூப்பர்வைசர் லட்சத்துல மாத்தி, நடுவுல ஒரு சைபர் வழி தவறிப் போச்சு. எத்தனை ஜோடின்னு பேப்பர்ல எழுதிக் காட்டு. வாயால சொல்லாத.

இவ்வளவு சொன்னதும் மூஞ்சி தொங்குது பாரு. எதுக்கு? ஊர் பூராக் கடன் வாங்கிட்டு வெள்ளை வேட்டி கட்டிட்டுத் திரியற மைனர்தான் இந்த இங்கிலீஷ். உன் ஊர் ஜின்ஜியாங், புஜியான் மாகாணம். அந்தப் பக்கத்துப் பேச்சுல தேயிலைக்குப் பேரு 'தெ'. டச்சுக்காரன் தூக்கிட்டுப் போனான், 'டீ' ஆச்சு. மீனை ஊறவெச்சு எடுக்கற சாறுக்கு உங்க பேச்சுல 'கெசியாப்', அதுதான் 'கெச்சப்'. தக்காளி ரொம்ப நாள் கழிச்சு வந்து ஒட்டிக்கிட்டது. நடுவுல சதுர ஓட்டை போட்ட உங்க பழைய செப்புக் காசை இங்கிலீஷ்ல 'கேஷ்'னு சொல்லுவான். அது எங்க 'காசு', போர்ச்சுகீசியன் வாய் வழியாப் போனது. உங்க பாஷைக்கு இங்கிலீஷ்காரன் வெச்ச பேரு 'மாண்டரின்'. நீங்க அப்படியா சொல்றீங்க? பொதுப்பேச்சுன்னு 'புதோங்ஹுவா' சொல்றீங்க. மந்திரிங்கற வார்த்தை மலாய்க்காரன்கிட்டப் போய் 'மெந்தெரி' ஆகி, போர்ச்சுகீசியன்கிட்ட வளைஞ்சு உங்க அதிகாரிங்க தலையில உக்காந்துச்சு. இனிமே யாராவது 'டூ யூ ஸ்பீக் மாண்டரின்'னு கேட்டா, மந்திரி வர்றாரான்னு வாசலைப் பாரு.

1281ல உன் ஊருக்குப் பக்கத்துல சுவான்ஜோ துறைமுகத்துல எங்க வியாபாரிங்க சிவனை வெச்சுக் கல்வெட்டு வெட்டினாங்க. மேல தமிழ், கீழ சீன எழுத்து. நடுவுல துபாஷியா இங்கிலீஷ் கிடையாது. பேரம் படியாமலா கோயில் கட்டியிருப்பாங்க?

அதனால தப்பைத் தைரியமாப் பேசு. உங்க ஆளுங்க 'முகத்தைத் தொலைச்சிட்டான்'னு சொன்னதை இங்கிலீஷ்காரன் 'லூஸ் ஃபேஸ்'னு எடுத்துக்கிட்டான். நீங்க 'மூளையைக் கழுவறது'ன்னு சொன்னதை 1950ல ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்காரர் 'பிரெயின்வாஷ்'னு எடுத்துக்கிட்டுப் போனார். விளையாட்டுல உற்சாகப்படுத்த நீங்க கத்தற 'ஜியாயோவ்', எண்ணெய் ஊத்துன்னு அர்த்தம், அதை வார்த்தைக்கு வார்த்தை 'ஆட் ஆயில்'னு ஹாங்காங் பசங்க சொல்லிச் சொல்லி, 2018ல ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரன் மரியாதையா உள்ள உக்காரவெச்சான். உன் மூணு கிராமையும் விடாமச் சொல்லிக்கிட்டு இரு, என்னிக்காவது எடை போட வருவான்.

ஒண்ணுல மட்டும் தப்புப் பண்ணாத. அவனும் 'தா', அவளும் 'தா', அதுவும் 'தா' உங்களுக்கு. 1920 வாக்குல லியூ பான்னோங்னு ஒரு கவிஞர், எழுத்துல ஓரமா இருந்த மனுஷனை எடுத்துட்டுப் பொம்பளையைப் போட்டுத் தனி எழுத்தைப் பரப்பினார். எழுத்து மாறுச்சு, வாய் மாறல. எங்களுக்கு 'அவங்க'ன்னு ஒண்ணு இருக்கு, யாரைச் சொன்னாலும் தப்பிச்சுக்கலாம். இங்கிலீஷ்ல அந்தச் சந்து ரொம்பக் குறுகல். நேத்து உன் கம்பெனி டிரைவர்கிட்ட பாட்டியைக் காட்டி 'ஹி இஸ் குக்கிங்'னு சொன்ன. பாட்டி என்னைக் கேட்டா, அந்தப் பையன் என்னைப் பத்தி என்ன சொன்னான்னு. சமையலைப் புகழ்ந்தான்னு சொல்லி வெச்சிருக்கேன். இந்த மாச வாடகை அஞ்சாம் தேதிக்குள்ள வந்துட்டா அந்த மொழிபெயர்ப்பையே வெச்சுக்கலாம்.