முதுகில் ஏறும் முத்திரை

டெல்லி சாணக்யபுரியில் தெருப்பெயர்களே மிரட்டும்: சத்ய மார்க், நியாய மார்க், நீதி மார்க். துபாய் வேலைக்குக் கிளம்பும் நம்மூர் இன்ஜினீயரின் பட்டம் இந்தியாவில் கடைசியாக வந்து நிற்பது சந்திரகுப்த மார்க் அமீரகத் தூதரகத்தில். அதற்குள் சென்னையில் உயர்கல்வித் துறை, டெல்லியில் வெளியுறவு அமைச்சகம் என்று முதுகெல்லாம் முத்திரை. அபோஸ்டில் என்ற ஒரே முத்திரை போதும் என்கிற ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005 முதல் இருக்கிறது, அமீரகம் சேரவில்லை. அந்தச் சந்திரகுப்தனையே அரியணை ஏற்றிய சாணக்கியரிடம் யாரும் அட்டெஸ்டேஷன் கேட்டதாகத் தெரியவில்லை.

நாலு வருஷப் படிப்பு முன்பக்கம். அதை யார் படிக்கிறார்கள்? பின்பக்கத்துக்குத்தான் சம்பளம்.

“லேமினேட் பண்ணிட்டீங்களா தம்பி? மொதல்ல அதைப் பிரிச்சுட்டு வாங்க” என்றார் ஏஜென்ட். அப்பா ஆசையாகப் போட்டது. பிரித்தபோது துணைவேந்தர் கையெழுத்தில் பாதி பிளாஸ்டிக்கோடு போய்விட்டது.