மன்னர் உண்டு, துறைமுகம் இல்லை

கேள்வி: 1888-ல் வியட்நாம் மலைநாட்டில் ஒரு பிரெஞ்சுக்காரர் உருவாக்கிய செடாங் ராஜ்யம் நிலைத்திருக்குமா?

பதில்: வாய்ப்பே இல்லை. மைரேனா என்பவர் 'முதலாம் மரீ' என்று பட்டம் சூடிக்கொண்டார். கொடி, தபால்தலை, பதக்கம் எல்லாம் வந்துவிட்டன. வராதது அங்கீகாரம்! மலைக்குள் இருந்த நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. கீழே இருந்த துறைமுகங்களில் பிரான்ஸ் வைத்ததுதான் சட்டம். ஹாங்காங்கில் ஆங்கிலேயரும் கைவிரித்தார்கள். ஆதரவு தேடி ஐரோப்பா போன மன்னர் பட்டங்களையும் பதக்கங்களையும் விற்றார். அரியணையில் இருக்கவேண்டியவர் கடையில் இருந்தால் ராஜ்யம் எப்படி நிற்கும்? திரும்பி வரும் வழியையும் பிரான்ஸ் அடைத்தது. 1890-ல் மலாயாவின் தியோமான் தீவில் இறந்தார். மலையின் உண்மையான சொந்தக்காரர்களான செடாங், பானர் மக்களுக்கு அவர் தேவைப்படவே இல்லை. அவர்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.