உறையும் உறக்கமும்

பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கிய காலம் அது. டிசம்பர் முடிவதற்குள் எங்கள் வீட்டில் உறை போடும் வேலை ஆரம்பித்துவிடும். பழைய நாள்காட்டித் தாள்களை, லட்சுமியும் முருகனும் உள்ளே போய் வெள்ளைப்புறம் வெளியே தெரியும்படி அக்கா மடிக்க, நான் கத்தரிக்கோலும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பாடப் புத்தகங்கள் முடிந்து மிஞ்சிய தாள்தான் கதைப் புத்தகங்களுக்கு. அட்டையைக் காப்பது ஒன்றே அந்த உறையின் வேலை. இன்று என் மின்வாசிப்பானின் உறையில் ஓரமாக ஒரு சின்னக் காந்தம் ஒளிந்திருக்கிறது. மூடினால் கருவிக்குள் இருக்கும் உணரி அந்தக் காந்தத்தைக் கண்டுகொண்டு திரையை உறங்கவைக்கிறது, திறந்தால் விட்ட வரியிலேயே எழுப்பிவிடுகிறது. அந்த வரியைத் தேடித்தர அன்று பழைய பஸ் டிக்கெட் ஒன்று இருந்தது. அதில் போன பயணத்தின் நினைவும் கூடவே வந்தது.

கிள்ளான் பக்கத்துத் தோட்ட லயங்களில் வளர்ந்தவர்களுக்கு மின்சாரத்தைச் சேமிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் தோட்டத்து ஜெனரேட்டர் பொழுது சாயும்போது உயிர்பெற்று, ராத்திரி பத்து மணிக்கு நின்றுவிடும். நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் விளக்கு ஒருமுறை மங்கும். அந்த மங்கலைப் பார்த்ததும் அம்மா பாயை விரிப்பார், நான் பக்கங்களை விழுங்கத் தொடங்குவேன். பிறகு போர்வைக்குள் டார்ச்லைட்டு. பேட்டரி இறங்கிவிட்டால் மறுநாள் காலை அதைத் தகரக் கூரைமேல் வெயிலில் காயவைப்போம். சாயங்காலம் அதில் இன்னும் ஓர் அத்தியாயத்துக்கு உயிர் மிச்சமிருக்கும். பத்திரிகையிலிருந்து பிரித்துச் சேர்த்து பைண்டு பண்ணிய கல்கியின் 'பொன்னியின் செல்வன்' அப்போது வீடுவீடாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பாகங்கள் வரிசையாகக் கைக்கு வந்ததே இல்லை. 'கொலை வாள்' முதலில் வரும், 'சுழற்காற்று' யார் வீட்டிலோ மாட்டிக்கொண்டிருக்கும். நீங்களும் அப்படித்தான் படித்திருப்பீர்கள்.

இன்று ஐந்து பாகங்களும் ஒரே கருவியில் வரிசை குலையாமல் கிடக்கின்றன. தமிழ் அதில் சுலபமாகக் குடியேறவில்லை. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியதிலிருந்து தன்னார்வலர்கள் நம் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றிவந்தார்கள்; 2007-ல் கின்டில் மின்வாசிப்பான் வந்தபோது அதன் கடையில் தமிழ் இல்லை. கொம்பு ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம் என்று சிதறுவதைப் பார்க்கச் சகிக்காமல், ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பிடிஎஃப் கோப்புகளை இறக்கிப் படித்தவர்களில் நானும் ஒருவன். 2016 டிசம்பரில்தான் கின்டில் கடையில் தமிழ் நூல்களுக்கு முறையாக இடம் கிடைத்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

மின்தாள் திரையின் அதிசயம் இன்னும் என்னை விட்டுப்போகவில்லை. நுண்ணிய உறைகளுக்குள் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள். மின்புலம் அவற்றை மேலும் கீழும் நகர்த்த, எழுத்து உருவாகிறது. அப்படியே நிற்பதற்குத் துளி மின்சாரமும் தேவையில்லை, பக்கம் புரளும்போதுதான் செலவு. பல வாரம் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பது மட்டும், நாளுக்கு அரைமணி நேரம், வைஃபை அணைத்து, வெளிச்சத்தைப் பதின்மூன்றில் வைத்துப் படிப்பவருக்கான கணக்கு. வந்தியத்தேவனோடு குதிரையேறியவர் யார் அரைமணியில் இறங்கியிருக்கிறார்? அதனால் வைஃபையை எப்போதும் அணைத்தே வைக்கிறேன். மின்சேமிப்பு அமைப்பைப் போட்டால் கருவி ஆழ்ந்து உறங்கும், எழ இரண்டொரு நொடி கூடுதலாகும், ஆகட்டுமே. மலிவு உறையை மட்டும் வாங்காதீர்கள். அதன் காந்தம் வலுவில்லாமல் இருந்தால் பைக்குள் உறை கொஞ்சம் நகர்ந்தாலும் கருவி விழித்துக்கொண்டு சார்ஜைத் தின்னும்.

கிள்ளானில் இடியும் மழையும் சேர்ந்து வரும் மாலைகள் ஏராளம். இடி இடித்தால் அம்மா ஓடிப்போய் டிவி பிளக்கைப் பிடுங்குவார்; இன்று நானும் பிடுங்குகிறேன், ஆனால் படிப்பு நிற்பதில்லை. 1996 ஆகஸ்ட் 3 மாலை தீபகற்பம் முழுக்க மின்சாரம் போனபோது இந்தக் கருவி கையில் இருந்திருந்தால் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். நினைத்த மறுகணமே, அந்த ராத்திரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அக்கம்பக்கத்தாரோடு பேசிய பேச்சும் நினைவுக்கு வருகிறது.

எனக்குப் பெரிய இழப்பாகப் பட்டது அட்டைப்படம்தான். 1995-ல் கொம்யூட்டர் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, கிள்ளானில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வேலைக்குப் போகும் காலைகளில், எதிர் இருக்கைக்காரர் என்ன படிக்கிறார் என்று எட்டிப் பார்ப்பதே ஒரு சுகம். மின்வாசிப்பான் வந்ததும் எல்லோர் கையிலும் ஒரே கறுப்புப் பலகை. தொடக்கக் காலக் கின்டில் உறங்கும்போது ஜேன் ஆஸ்டினும் எமிலி டிக்கின்சனும் திரையில் வருவார்கள், கல்கி வரமாட்டார். 2021-லிருந்து படிக்கும் நூலின் அட்டையையே அங்கே வைக்கலாம் என்றானது, விளம்பரத்தோடு வாங்கிய கருவிகளைத் தவிர. கோபோ மின்வாசிப்பானிலும் அந்த வசதி உண்டு. காந்த உறை திரையை மறைத்துவிடும் என்பதால், ரயிலில் உறையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தித்தான் உறங்கவைக்கிறேன்.

அப்படி ஒருநாள் திரை உறங்கிக்கிடந்தபோது பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் குனிந்து பார்த்தார். "சுழற்காற்றா தம்பி? நந்தினி மேல எனக்கு அப்பவே பாவமா இருக்கும்" என்றார். தோட்டத்தில் படித்ததாம், கடைசிப் பாகம் கிடைக்கவே இல்லையாம். "முடிச்சதும் குடுங்களேன்" என்று சாதாரணமாகக் கேட்டார், லயத்தில் கேட்பதுபோல. இதைக் கொடுத்தால் என் நூலகமே கூடப் போய்விடும் என்று விளக்கினேன். அவருக்கு அது நியாயமாகப் படவில்லை, எனக்கும்தான். சுபாங் ஜெயாவில் இறங்குவதற்குள் அவருடைய கைப்பேசியில் மதுரைத் திட்டத்துப் பக்கத்தைத் திறந்து, 'தியாகச் சிகரம்' இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தேன். உங்கள் கருவியிலும் அட்டைப்படம் காட்டும் அமைப்பு இருந்தால் அதைப் போட்டு வையுங்கள்.