டாக்டர் யூஸ் பண்ண வண்டி

பழைய கார் விற்கிறவர்கள் பேச்சை நம்பினால், தமிழ்நாட்டு டாக்டர்கள் யாரும் வைத்தியம் பார்ப்பதாகவே தெரியவில்லை. கார் வாங்குவது, கீறல் படாமல் ஷெட்டில் பூட்டி வைப்பது, அப்புறம் நம்மைப் போன்றவர்களைத் தேடிப்பிடித்து விற்பது. முழுநேரமும் அவர்களுக்கு இதுதான் வேலை. 2009-ல் தாம்பரத்தில் ஒரு புரோக்கர் எனக்குக் காட்டிய சிவப்பு நிற மாருதி 800-ம் அந்த வகைதான். "டாக்டர் யூஸ் பண்ண வண்டி சார். வீடு, ஆஸ்பத்திரி, வீடு. அவ்ளோதான் ஓடியிருக்கு" என்றார். பின் கண்ணாடியில் பாதி சுரண்டிய கூட்டல் குறி ஒன்று சாட்சிக்கு இருந்தது.

1998 மாடல். திண்டுக்கல் ரிஜிஸ்ட்ரேஷன். விலை 62,000. நான் கல்லூரித் தமிழாசிரியன். வரலாற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் திருப்தி. 1983 டிசம்பரில் இந்திரா காந்தி டெல்லியில் முதல் மாருதியின் சாவியை எடுத்துக் கொடுத்தபோது புதுக் காரின் விலையே ஐம்பதாயிரத்தை ஒட்டித்தான் என்று பெருமையாக வீட்டில் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. "அப்போ புதுசுக்குக் கொடுத்ததைவிட அதிகமா கொடுத்து, பதினோரு வருஷப் பழசை வாங்கப் போறீங்க" என்றாள் மனைவி. கணக்கில் பிழையில்லை.

பார்த்து வாங்குவதற்காக மைத்துனனையும் அழைத்துப் போயிருந்தேன். குடும்பத்தில் கார் விஷயத்தில் அவன் சொல்வதுதான் முடிவு. அவனிடம் கார் கிடையாது. கார் வைத்திருப்பவனுக்கு அதை ஆராய நேரம் ஏது?

காலை ஆறு மணிக்கே போய்விட்டோம். ராத்திரி முழுக்க நின்ற வண்டி குளிரில் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று பார்க்க வேண்டுமாம். மைத்துனன் பானெட்டில் கை வைத்தான். சுட்டது. "அத்தான், நமக்கு முன்னாடியே எழுப்பிட்டாங்க" என்று என் காதில் சொன்னான். அடுத்து பிரேக் பெடலின் ரப்பரைத் தடவினான். மீட்டரில் 48,000 கிலோமீட்டர் காட்டியது. ரப்பரோ கோயில் படிக்கட்டைப் போல நடுவில் குழிந்து வழவழவென்று இருந்தது. மூன்றாவதாகச் சட்டைப் பையிலிருந்து எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் தஞ்சாவூர்ப் பொம்மைக் காந்தத்தை எடுத்தான். தகடு இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்கும். அடிபட்ட இடத்தைப் பட்டி வைத்து மெழுகியிருந்தால் பிடிக்காது. பொம்மை பானெட்டில் ஒட்டியது. கூரையில் ஒட்டியது. இடது கதவில் வைத்ததும் வழுக்கி மண்ணில் விழுந்து தலையை ஆட்டியது.

"இது கொஞ்சம் ஸ்பெஷல் தகடு சார்" என்றார் புரோக்கர்.

இவ்வளவும் தெரிந்த பிறகு ஏன் வாங்கினாய் என்று கேட்பார்கள். எங்களோடு வந்திருந்த என் ஆறு வயது மகன் இந்த ஆராய்ச்சியின் நடுவே பின் சீட்டில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டான். தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனம் வரவில்லை. 62,000 ரூபாய் கொடுத்தேன்.

பேப்பர் வேலைகள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஃபாரம் 29 இரண்டு பிரதி, ஃபாரம் 30 ஒன்று, பதினாலு நாளைக்குள் இன்சூரன்ஸை நம் பேருக்கு மாற்றக் கேட்டு மனு, திண்டுக்கல்லிலிருந்து தடையில்லாச் சான்று. புரோக்கர் வாங்கி வைத்திருந்த கையெழுத்து ஆர்.சி. புத்தகத்தில் இருந்த கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. ஓனரை நேரில் பார்த்து வாங்கி வருவது என்று முடிவானது.

அதற்குள் வண்டி குரோம்பேட்டையில் எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் போயிருந்தது. தெருவே அவரை பாய் என்றுதான் கூப்பிடும். மிதியடி மாற்றுவதற்காகப் பின் சீட்டைக் கழற்றியவர், அடியிலிருந்து கறுப்பாக, உருண்டையாக ஏதோ பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மாத்திரை என்றே நினைத்தேன். டாக்டர் வண்டி அல்லவா. பாய் முகர்ந்து பார்த்தார். "சார், இது ஆட்டுப் புழுக்கை."

திண்டுக்கல்லில் அந்த வீட்டு வாசலில் பெயர்ப் பலகையைப் படித்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. கால்நடை மருத்துவர். தங்கமான மனிதர். மோர் கொடுத்தார், கையெழுத்தும் போட்டார். "நாலு ஆடு தாராளமா ஏறும். ஒரு தடவை கன்னுக்குட்டிகூட வந்திருக்கு" என்றார். இடது கதவு என்ன ஆச்சு என்று மெல்லக் கேட்டேன். "அதுவா? ஜல்லிக்கட்டு மாடு. ஊசி போடப் போயிருந்தேன். என் மேல இருந்த கோபத்தை அது வண்டி மேல காட்டிருச்சு." ஊர் திரும்பும் பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். புரோக்கர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். காரைச் செய்தவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. மூன்று சிலிண்டர், 796 சி.சி., நாலு கியர். பத்து, பன்னிரண்டு என்று இரண்டு ஸ்பேனர் இருந்தால் பாதி வண்டியைக் கழற்றிவிடலாம். ஷெட்டில் வேலை பார்த்த பையன், பாய் "பன்னெண்டு" என்று சொல்லி முடிப்பதற்குள் எடுத்துக் கொடுப்பான். அந்த ஷெட்டில் நான் கற்ற சொற்களுக்குத் தனி அகராதியே போடலாம். டிஸ்ட்ரிபியூட்டருக்கு அங்கே பெயர் டெல்கோ. அது ஒரு அமெரிக்கக் கம்பெனியின் பெயர். ஸ்டெப்னி என்பது தெருப் பெயர். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-வாக்கில் உபரிச் சக்கரம் விற்கத் தொடங்க, தெருவின் பெயரே சக்கரத்துக்கு ஒட்டிக்கொண்டது. இதை ஒருநாள் திண்டிவனம் தாண்டி பஞ்சரான டயரின் பக்கத்தில் நின்று மனைவிக்கு விரிவாக விளக்கினேன். "சரி, அந்த ஸ்டெப்னியில காத்து இருக்கா?" என்றாள். இல்லை.

அந்தச் சமயத்தில் நான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். தலைப்பு, சங்க இலக்கியத்தில் தேர். குறிப்பு நோட்டுகளெல்லாம் டிக்கியில்தான் கிடந்தன. அகநானூற்றில் ஒரு தலைவன், தேன் குடிக்கும் வண்டுகள் மிரளக் கூடாது என்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். சைலன்சரில் ஓட்டை விழுந்த வண்டியில் நான் வரும்போது தெருநாய்கள் எழுந்து இடம் மாறிப் படுக்கும். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்த கதைக்குக் கொடைதான் காரணம் என்று அதுவரை நானும் வகுப்பில் சொல்லிவந்தேன். அச்சிறுபாக்கம் பக்கத்தில் வேலிக்காத்தான் புதரோரம் காரை விட்டுவிட்டு நடந்து வந்த அன்று எனக்கு வேறொரு சந்தேகம் தோன்றியது. ஆய்வேட்டில் அதை எழுதவில்லை. நெறியாளர் கொஞ்சம் கண்டிப்பானவர்.

விட்டுவிட்டு வந்ததற்குக் காரணம் சூடு. நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் போனால் போதும், டெம்பரேச்சர் முள் மேலே ஏறிவிடும். வண்டியை ஓரங்கட்டி, ஆறும்வரை காத்திருந்து, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக் கிளம்ப வேண்டும். முதல் தடவை ஆறும்வரை காத்திருக்கவில்லை. சூட்டோடு மூடியைத் திருகினேன். மூடி பறந்தது, தண்ணீர் என் உயரத்துக்கு எழும்பியது. சட்டையில் விழுந்த துருக்கறை கடைசிவரை போகவில்லை.

பாய் வரிசையாக மருந்து கொடுத்தார். மின்விசிறியை ஓட்டும் தெர்மோ சுவிட்ச் போச்சு என்றார். அதைத் துண்டித்துவிட்டு, டேஷ்போர்டில் வீட்டு லைட்டுக்குப் போடுவதுபோல ஒரு சுவிட்ச் வைத்து டைரக்ட் கொடுத்தார். முள் ஏறினால் நான்தான் விசிறியைப் போட வேண்டும். வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கவனிப்பதுபோல. சூடு நிற்கவில்லை. ரேடியேட்டரைக் கழற்றி, கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்தார். நிற்கவில்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தார். "குளிர் நாட்டுக்குத்தான் சார் இது. நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு?" பிற்பாடுதான் தெரிந்தது, அது இல்லாவிட்டால் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும் என்று. அதற்கும் நிற்கவில்லை. வாட்டர் பம்ப் மாற்றினார், 900 ரூபாய். ஆயில் மட்டும் பால் விட்ட காபி நிறத்துக்கு மாறவில்லை. ஹெட் கேஸ்கட் பிழைத்திருக்கிறது என்று அதற்கு அர்த்தமாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் பானெட்டைத் திறந்து வைத்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த ரிப்பேர் அது ஒன்றுதான், பார்ப்பது. மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே வந்து நின்றாள்.

"இந்த பாட்டில்ல தண்ணி நிறைஞ்சு வழியுதே?"

"அது ரிசர்வ் பாட்டில். சூடானா தண்ணி இதுக்குள்ள வரும். ஆறினா திரும்ப ரேடியேட்டருக்கே போயிடும்."

"ரேடியேட்டர்ல தண்ணி இருக்கா?"

பார்த்தேன். கால்வாசிகூட இல்லை.

"பாட்டில்ல வழியுது, உள்ள காஞ்சு கிடக்கு. அப்போ போன தண்ணி திரும்பி வரலைன்னுதானே அர்த்தம்? மூடியைக் காட்டுங்க." வாங்கித் திருப்பினாள். அடியில் இருந்த ரப்பர் வளையம் வெடித்து, தொட்டால் உதிர்ந்தது. "என்னங்க இது, குக்கர் கேஸ்கட்டு மாதிரி இருக்கு. கேஸ்கட்டு போனா விசில் வராது, ஆவியெல்லாம் சைடுல போயிடும், பருப்பு வேகாது. இது தெரியாமலா மாசக்கணக்கா சுத்துறீங்க?"

விஷயம் அதேதான். மூடியின் தலையில் 0.9 என்று பொறித்திருக்கும். அந்த அழுத்தத்தை மூடி பிடித்துவைத்தால் உள்ளே தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காது. ரப்பர் போய்விட்டால் நூறிலேயே கொதித்து வெளியேறும், ஆறும்போது உறிஞ்சவும் செய்யாது. இயற்பியல் படித்தவர்கள் இதை எனக்குப் பலமுறை விளக்கியிருக்கலாம். குக்கர் என்று ஒருவரும் சொல்லவில்லை.

மூடியைக் கொண்டுபோய் பாயிடம் நீட்டி, வீட்டில் சொன்னதைச் சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டீயை ஒரு வாய் குடித்தார். "அம்மா சொல்றது கரெக்ட்" என்றார். புது மூடி 80 ரூபாய். அன்றோடு முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. அதன் பிறகு நான் எந்தக் கோளாறோடு போனாலும், ஸ்பேனரைத் தொடும் முன் பாய் ஒன்று கேட்பார்: "அம்மாட்ட காட்டிட்டீங்களா?"

2010 ஏப்ரலில் புதிய புகை விதிகள் வந்து, சென்னை உட்பட 13 நகரங்களில் மாருதி 800 விற்பனையை நிறுத்திவிட்டார்கள். நான் வாங்கியதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று மனைவி இன்றும் நினைக்கிறாள்.

அந்த வருட ஐப்பசி மழையில் இடது கதவின் பட்டி ஊறி, தோசைக்கல்லிலிருந்து வருவதுபோல மொத்தமாகக் கழன்று விழுந்தது. உள்ளே காளையின் கொம்பு போன தடம் அப்படியே இருந்தது, துருவோடு. புதுப்பேட்டைக்குப் போனோம். எழும்பூர் பக்கம், கூவம் ஓரமாக, சந்து சந்தாக அறுத்துப்போட்ட வண்டிகளின் பாகங்கள். ஒரு கடையில் கதவுகள் மட்டும் சட்டைத்துணிபோலத் தொங்கும். இன்னொன்றில் டேஷ்போர்டுகள், வேறொன்றில் வெறும் விளக்குகள். எந்த வருட மாடல் என்று கேட்டுவிட்டு, அடுக்கிய குவியலைப் பார்க்காமலே கையை விட்டு உருவுகிறார்கள். எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இப்படி ஒருவர் இருந்திருந்தால் என் ஆய்வு இரண்டு வருடம் முன்பே முடிந்திருக்கும்.

கிடைத்தது வெள்ளைக் கதவு. சிவப்புக் கதவு வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். கண்ணாடியோடு 1,800 சொன்னார். மைத்துனன் பொம்மையை எடுத்து ஒட்டிப் பார்த்து 1,300-க்கு முடித்தான். மாட்டியபிறகுதான் கவனித்தோம், கதவுக் கண்ணாடியில் வக்கீல் ஸ்டிக்கர். பசை போகவே இல்லை. கத்திப்பாராவில் ஒருநாள் போக்குவரத்துக் காவலர் நிறுத்தினார். பின்பக்கம் பார்த்து "டாக்டரா?" என்றார். பக்கவாட்டுக்கு வந்து "வக்கீலா?" என்றார். குனிந்து உள்ளே பார்த்தார். ஜோல்னாப் பை, ஸ்டியரிங்கைப் பிடித்த கையில் சாக்பீஸ் தூள், டேஷ்போர்டில் வீட்டு சுவிட்ச். "போங்க சார்" என்றார்.

2013-ல் ரிஜிஸ்ட்ரேஷனின் பதினைந்து வருடம் முடிய இருந்தது. எஃப்.சி. காட்டிப் புதுப்பித்தால் இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாம். ஆனால் காட்டும் முன் டிங்கரிங், பெயிண்டிங், அந்தக் கதவுக்குச் சிவப்பு என்று பாய் கணக்குப் போட்ட தாளில் இரண்டாம் பக்கமும் நிரம்பியது. விற்பது என்று முடிவெடுத்தோம். தாம்பரம் புரோக்கரே வந்தார். பின் சீட்டைக் கழற்றிச் சுத்தம் செய்தபோது எங்கள் காலத்துச் சரக்கும் கிடைத்தது: உடைந்த கிரேயான்கள், ஒரு கொலுசுத் திருகு, நோட்டிலிருந்து கிழிந்த ஒரு பக்கம், அதில் என் கையெழுத்தில் அதியமானின் தேர் பற்றி ஏதோ. மூலையில் ஒரு புழுக்கையும் இருந்தது. பாய் எப்படித் தவறவிட்டாரோ.

வாங்க வந்தவர் செங்கல்பட்டுக்காரர். மருமகனையும் கூட்டி வந்திருந்தார். புரோக்கர் வண்டியைச் சுற்றி நடந்துகொண்டே ஆரம்பித்தார். "டாக்டர் யூஸ் பண்ண வண்டி சார். வீடு, காலேஜ், வீடு."

நான் மறுக்க வாயெடுத்தேன். மனைவி என் முழங்கையை அழுத்தினாள். போன வருடம்தான் எனக்கு முனைவர் பட்டம் வந்திருந்தது.

செங்கல்பட்டுக்காரர் தலையை ஆட்டினார். மருமகன் ஒன்றும் பேசவில்லை. பானெட்டில் கை வைத்துப் பார்த்தான். அரைமணி நேரம் முன்பே நான் ஸ்டார்ட் செய்து வைத்திருந்தேன். பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தான். வெள்ளைக் கதவில் வைத்தான். டப் என்று பிடித்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவன் வலது பக்கம் நடக்கத் தொடங்கினான். மாநகரப் பேருந்து உரசியது அந்தப் பக்கம்தான். காபி கொண்டு வருகிறேன் என்று நான் உள்ளே போய்விட்டேன்.